வளைந்த குதிரை, வெட்டுப்பட்ட அலை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கும் வல்லம் வடகால் சிப்காட்டில் யமஹாவுக்கு இரண்டு தொழிற்சாலைகள். ஒன்றிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வெளியே வருகின்றன. 2019-இல் உற்பத்தியைத் தொடங்கிய இன்னொன்றிலிருந்து கீபோர்டுகளும் அக்கூஸ்டிக் கிதார்களும் வருகின்றன. இப்போது இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள், வேர் ஒன்றுதான். ஜப்பானில் ஹமமட்சு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழுதாகிக் கிடந்த ரீட் ஆர்கனைச் சரிசெய்யப் போன டொராகுசு யமஹா, அதைப் பிரித்துப் பார்த்த அனுபவத்திலேயே சொந்தமாக ஒன்றைச் செய்ய முனைந்தார். அது 1887. அந்த இசைக்கருவிக் கம்பெனியிலிருந்து 1955-இல் பிரிந்து வந்ததுதான் மோட்டார் கம்பெனி. ஒரகடம் சாலையில் சிக்னலுக்கு நிற்கும் யமஹா வண்டியின் சின்னத்தை உற்றுப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டிருப்பவை மூன்று இசைக்கவைகள். இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டி, சுரமானிப் பெட்டியின் மேல் நிறுத்துவோமே, அதே இசைக்கவை.

இந்தப் பகுதித் தொழிற்சாலைகளின் திறமை எல்லாம் ஒன்றைப் போலவே அடுத்ததைச் செய்வதில் இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்த காலம் தொட்டு, ஒரகடத்தின் பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு புல்லட் வரை எங்கும் இதே கதைதான். ஷாப் ஃப்ளோரில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கேஜும் கையிலெடுக்காத ஷிஃப்ட் கிடையாது. வரைபடம் சொல்லும் டாலரன்ஸுக்கு வெளியே போன பாகம் ரிஜெக்ட்.

கிதாருக்கும் டாலரன்ஸ் உண்டு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற எலெக்ட்ரிக் கிதாரில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். அதன் கழுத்தில் பதிக்கும் ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் இடம் கணக்குப்படிதான் அமையும். மிச்சமுள்ள தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பது கிடைக்கும். அப்படி எண்ணிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அந்த ஃப்ரெட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் சுரம் அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்கு விலகும். பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும். இயந்திரம் வெட்டும் பள்ளமோ அதைவிடப் பல மடங்கு துல்லியமானது.

ஆகவே ஒரே மாடலில் இரண்டு கிதார்களை எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே கிதாரை இரண்டு பேரிடம் கொடுத்தால் மட்டும் ஏன் இரண்டு குரல் கேட்கிறது? தெருமுனையில் வரும்போதே அது புல்லட்தான் என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லிவிடுகிறோம், வண்டியைப் பார்க்கத் தேவையில்லை. அதேபோல 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடல் வானொலியில் தொடங்கினால், பாடகர் வாயைத் திறக்கும் முன்பே ஆர். சந்திரசேகரின் கிதார் அது எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுகிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸோ, பிரையன் மேயோ, நம் ராணிப்பேட்டை பிரசன்னாவோ வாசித்தாலும் நாலைந்து சுரங்களில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இசைக்காரர்கள் இதை ‘டோன்’ என்கிறார்கள். மேடையிலும் ஸ்டுடியோவிலும் மிக அதிகமாகப் பேசப்படுவதும், எந்தப் பெடலை வாங்கினால் கிடைக்கும் என்று பலர் தேடித் திரிவதும் இதுதான்.

தந்தியிலிருந்து தொடங்குவோம். கிதாரின் ஐந்தாவது தந்தியைத் தட்டினால் அது நொடிக்கு 110 முறை அதிர்கிறது. கூடவே 220, 330, 440 என்று அதன் மடங்குகளிலும் ஒரே சமயத்தில் அதிர்கிறது. முழுத் தந்தியும் ஒரே வில்லாக வளைவது முதல் அதிர்வு. நடுவில் ஒரு கணு விழுந்து இரண்டு பாதிகளாக ஆடுவது இரண்டாவது. மூன்று துண்டாக ஆடுவது மூன்றாவது. இந்த மேற்சுரங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்ற கலவையையே நாம் டோனாக உணர்கிறோம்.

கலவையை முதலில் தீர்மானிப்பது வலக்கை. தந்தியை எந்த இடத்தில் தட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு வைத்திருக்கும் மேற்சுரம் எழாது என்று 1800 வாக்கில் இங்கிலாந்தின் தாமஸ் யங் கண்டுசொன்னார். சரிபாதியில் தட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் அத்தனையும் காணாமல் போய், ஒலி குழல் போல மழுமழுவென்று வரும். தந்தியின் ஒரு முனையைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டித் தட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் வரிசையாகக் கிளம்பி, ஒலி தகரத்தில் பட்டதுபோல் கூர்மையாகும். நல்ல கலைஞரின் வலக்கை ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. ஒரு சொற்றொடருக்குள்ளேயே இரண்டு மூன்று அங்குலம் முன்னும் பின்னும் போய்வரும். கேட்பவர் அதைக் கணக்கெடுப்பதில்லை, குரல் ஏற்ற இறக்கத்தோடு பேசுவதாக மட்டும் உணர்கிறார்.

எதைக் கொண்டு தட்டுகிறோம் என்பதும் கலவையை மாற்றும். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே பிளாஸ்டிக் பிக் வைத்து வாசிப்பதில்லை. பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயம்தான் அவருடைய பிக். அதன் ஓரத்தில் இருக்கும் வரிப்பற்கள் தந்தியை விடும் கணத்தில் நுண்ணிய உராய்வுகளை உண்டாக்குவதால் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் ஒரு சிறு கீச்சொலி ஒட்டிக்கொள்கிறது. நாணயத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கீச்சு கூடும், நேராகப் பிடித்தால் குறையும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் படித்துக்கொண்டிருந்தவர், இசைக்காக அதைப் பாதியில் விட்டுவிட்டு, 2007-இல் திரும்பிப் போய் முனைவர் பட்டம் வாங்கினார்.

மேயின் கிதார் எந்தத் தொழிற்சாலையிலும் செய்தது இல்லை. பதின்வயதில், 1963-இல், எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளரான அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கருவி அது. கழுத்துக்கு மரம் நூறாண்டுப் பழமையான ஒரு கணப்படுப்பின் மேல்சட்டத்திலிருந்து வந்தது. தந்திகளின் இழுவிசையைத் தாங்கி, கைப்பிடியை அழுத்தும்போது ஆறு தந்திகளையும் ஒருசேரத் தளர்த்திச் சுரத்தை இறக்கும் ட்ரெமலோ அமைப்புக்கு ஸ்பிரிங் தேவைப்பட்டது. தந்தையும் மகனும் எடுத்துப் பொருத்தியவை 1928-ஆம் ஆண்டு பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். கைப்பிடியின் நுனி அம்மாவின் பின்னல் ஊசி. ஒரகடத்தில் வால்வு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் பொருத்தம் உடனே புரியும். எஞ்சினுக்குள் இலட்சக்கணக்கான முறை அமுங்கி எழுந்தும் விசை மாறாமல் இருக்கவேண்டிய ஸ்பிரிங், கிதாரில் அழுத்திவிட்டதும் பழைய சுரத்துக்கே துல்லியமாகத் திரும்பவேண்டிய வேலையை எளிதாகச் செய்யும்.

எலெக்ட்ரிக் கிதாரில் மரப்பெட்டி ஒலியைப் பெருக்குவதில்லை. தந்திக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செம்புக் கம்பி சுமார் 8,000 சுற்று. இதுதான் பிக்கப். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான், வேறு மந்திரம் இல்லை. நைலான் தந்தி போட்டால் பிக்கப் ஊமையாகிவிடும்.

தந்தியைத் தட்டும் இடத்துக்குச் சொன்ன விதி பிக்கப் இருக்கும் இடத்துக்கும் பொருந்தும். பிக்கப்புக்கு நேர்மேலே கணு வைத்திருக்கும் மேற்சுரம் அதன் கண்ணில் படாது. பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் கூர்மையாகவும் கழுத்தை ஒட்டியது உருண்டையாகவும் ஒலிப்பது இதனால்தான். இதற்கு நல்ல சாட்சி ஹெண்ட்ரிக்ஸ். இடக்கைப் பழக்கம் உள்ள அவர் வலக்கைக்காரர்களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பித் தந்தி மாற்றி வாசித்தார். அந்தக் கிதாரின் பிரிட்ஜ் பிக்கப் சாய்வாகப் பதிக்கப்பட்டது. மெல்லிய தந்திகளுக்கு அது பிரிட்ஜுக்கு அருகிலும், தடித்த தந்திகளுக்குச் சற்றுத் தள்ளியும் இருக்கும்படி ஃபெண்டர் கம்பெனி அமைத்திருந்தது. கிதார் திரும்பியதும் சாய்வும் எதிர்ப்பக்கம் திரும்பியது. தடித்த தந்திகள் வழக்கத்தைவிடக் கூர்மையாகவும், மெல்லிய தந்திகள் வழக்கத்தைவிட இதமாகவும் பேசின. அவருடைய டோனுக்கு இது ஒரு சிறு காரணம்தான், ஆனாலும் அளந்து காட்டக்கூடிய காரணம்.

சுருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தந்தியின் அசைவால் வரும் புலமாற்றத்தையும் அறையிலுள்ள மின்வயரால் வரும் புலமாற்றத்தையும் அது பிரித்தறியாது. டியூப்லைட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் கக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்து ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று வரும். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-இல் இதற்கு வழி கண்டார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர் துருவக் காந்தங்கள். வெளி இரைச்சல் இரண்டிலும் எதிர்த்திசையில் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் குறிப்பு மட்டும் கூடும். இதன் பெயர் ஹம்பக்கர். ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் மின்காந்த ஒத்திசைவு ஆய்வகம் இருக்கிறது. ஒரு வாகனத்தின் மின்னணுப் பகுதிகள் வெளிப் புலங்களால் தடுமாறுகின்றனவா, தாமே இரைச்சல் கக்குகின்றனவா என்று அங்கே சோதிக்கிறார்கள். காரில் இரைச்சலை ஒழித்தால் வேலை முடிந்தது. கிதாரிலோ அதை ஒழித்த விதமே டோனை மாற்றிவிட்டது. இரண்டு சுருள்களும் தந்தியை இரண்டு இடங்களில் பார்ப்பதால் சில உயர்ந்த மேற்சுரங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மறைந்தன. ஹம்பக்கரின் தடித்த, கனிந்த ஒலி அப்படிப் பிறந்தது. ஹெவி மெட்டல் அதன்மேல்தான் கட்டப்பட்டது.

இதுவரை சொன்னது கருவி. இனி, அதைக் கையில் எடுத்தவர்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், காஞ்சிபுரம் பிரிவைத் தாண்டி வாலாஜாபேட்டையை அடுத்து ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஆலைகளும் பெல் தொழிற்சாலையும் உள்ள ஊர். அங்கிருந்து வந்தவர் கிதார் பிரசன்னா. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். திருவாரூர் பாலசுப்ரமணியத்திடமும் வயலின் மேதை ஏ. கன்னியாகுமரியிடமும் கர்நாடக சங்கீதம் கற்றார். பிறகு அமெரிக்காவின் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். 2009-இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ என்ற குறும் ஆவணப்படத்துக்கு இசை அவருடையது. பியானோக் கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் ‘தீர்த்தா’ என்ற ஆல்பம் 2011-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செய்யூர் அருகே தொடங்கிய ஸ்வர்ணபூமி இசைக் கழகத்தைக் கட்டியெழுப்பியதிலும் அவர் பங்கு பெரிது.

எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்த முதல் ஆள் அவர் இல்லை. 1980-களிலேயே சென்னை மேடைகளில் சுகுமார் பிரசாத் வாசித்திருக்கிறார். யு. ஸ்ரீனிவாஸ் சிறுவனாக எலெக்ட்ரிக் மாண்டலினோடு வந்து சபாக்களை வியக்கவைத்ததும் அந்தக் காலம்தான். ஆனால் 2006-இல் பிரசன்னா வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ வேறு ஒன்றைச் செய்தது. பெயரிலேயே ஹெண்ட்ரிக்ஸின் 1968 ஆல்பமான ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’டுக்கு வணக்கம் இருக்கிறது. நம் தாள வாத்தியங்கள் சூழ, டிஸ்டார்ஷன் நிரம்பிய ராக் கிதார் அதில் ராகங்களைப் பேசுகிறது. கேட்பவருக்கு இரண்டு உலகங்களை ஒட்டுப்போட்ட உணர்வு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதில்தான் இந்தக் கட்டுரையின் இயற்பியல் இருக்கிறது.

முதலில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது. பிரசன்னாவின் முறையில் கிதாரை மடியில் கிடத்தி உலோகத் தண்டால் வழுக்குவது கிடையாது. ராக் கலைஞர் பிடிப்பது போலவே பிடித்து, ஃப்ரெட்டுகளின் மேல் விரலால் வாசிக்கிறார். தோடி ராகத்தின் காந்தாரம் எந்த ஃப்ரெட்டிலும் உட்கார்ந்திருப்பதில்லை. அது மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும் ஒரு வட்டாரம். படிக்கட்டாக வெட்டிய கழுத்தில் அதை எப்படிக் கொண்டுவருவது? ஒரு வழி, ஜாருவைப் போல ஃப்ரெட்டுகளின் மேல் விரலைச் சறுக்குவது. இதில் சுரம் அரைச்சுரப் படிகளாக ஏறும். விரலின் அழுத்தத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்திப் படிகளை மறைக்கவேண்டும். மற்றொரு வழி, தந்தியைக் குறுக்கே இழுப்பது. இதில் படியே கிடையாது, சுரம் தொடர்ச்சியாக எழும்.

இழுப்பதில் உள்ள உழைப்பைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். ஒரு முழுச்சுரம் உயர்த்த அதிர்வெண் 12 சதவீதம் கூடவேண்டும், அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூடவேண்டும். இரண்டு முழுச்சுரம் உயர்த்த வேண்டுமானால் 59 சதவீதம். ஆறேழு கிலோ எடை தொங்குவதற்கு ஈடாக விறைத்து நிற்கும் தந்தியில், விரல் நுனியின் ஒரு சிறு பரப்பால் இதைச் செய்து, போய்ச்சேரவேண்டிய சுரத்தில் வழுவாமல் நிறுத்தி, மறுபடி இறக்கி, அதையே நொடிக்குப் பலமுறை திருப்பிச் செய்யவேண்டும். கண்ணுக்கு அடையாளக் கோடு எதுவும் இல்லை. காது மட்டுமே அளவுகோல். ராக் கலைஞர்களின் வைப்ரேட்டோவும் இதே அசைவுதான், ஆனால் பெரும்பாலும் ஒரு சுரத்தை அழகுபடுத்துவதோடு நின்றுவிடும். கமகத்தில் அசைவுதான் சுரம். அசைவு கொஞ்சம் குறைந்தால் வேறு ராகத்தின் சாயல் வந்துவிடும்.

வீணை செய்பவர்கள் இந்தச் சிக்கலை நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுப் படுகையின் மேல் உயர்ந்து நிற்கின்றன. விரல் தந்தியை அழுத்தும்போது கீழே மரம் தட்டுப்படாது, உராய்வு இல்லாமல் பக்கவாட்டில் தாராளமாக இழுக்கலாம். கிதாரில் ஃப்ரெட்டின் உயரம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், விரல் மரத்தில் உரசும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மெக்லாஃப்ளின், 1970-களில் சக்தி குழுவுக்காகச் செய்துகொண்ட கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்தார். அந்தக் குழுவில் எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் சாகிர் உசேனும் இருந்தார்கள். வீணை மெழுகால் பெற்ற இடைவெளியைக் கிதார் உளியால் பெற்றது.

அடுத்த சிக்கல் ஆயுள். தட்டிய தந்தி உடனே சாகத் தொடங்குகிறது. ஒரு மீட்டில் நீண்ட கமகம் வாசித்தால் பாதி வழியிலேயே ஒலி மங்கிவிடும். இங்கேதான் ராக் கிதாரின் மிகப் பெரிய ஆயுதமான டிஸ்டார்ஷன் உதவிக்கு வருகிறது. ஆம்ப்ளிஃபயர் ஓர் எல்லை வரைதான் அலையைப் பெருக்கும். அதற்கு மேல் போனால் அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்படும். தந்தியின் குறிப்பு அந்த எல்லையைப்போல் 20 மடங்கு பலத்தோடு உள்ளே நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு நொடியும் பாதியாகத் தேய்ந்தாலும், எல்லைக்குக் கீழே வர நான்கு நொடிக்கு மேல் ஆகும். அதுவரை வெளியே கேட்கும் ஒலியின் பலம் ஏறக்குறைய மாறாது. தட்டி வாசிக்கும் கருவி ஊதி வாசிக்கும் கருவியைப்போல் நீண்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். வெட்டுப்பட்ட அலை மேற்சுரங்களால் நிறைந்திருப்பதால் ஒலி நாகஸ்வரத்துக்கு அருகில் போவதும் இயல்பு.

டிஸ்டார்ஷனை வெறும் சத்தம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு இயற்பியல் தரும் பதில் 1921-இல் வந்தது, தந்தவர் சி.வி. ராமன். கல்கத்தாவில் தன் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவைக் கண்டுபிடிப்பதற்கு முன், ஆண்டுக்கணக்கில் அவர் ஆராய்ந்தது வயலினையும் வீணையையும் தம்புராவையும் மிருதங்கத்தையும்தான். இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றிய அந்தச் சிறு கட்டுரையில் அவர் யங்கின் விதியை வீணையிலும் தம்புராவிலும் சோதித்தார். ஒரு மேற்சுரத்தின் கணுவிலேயே தந்தியைத் தட்டினால் அது கேட்கவே கூடாது. ஆனால் கேட்டது, அதுவும் வலுவாக.

காரணம் குதிரை, கிதாரில் பிரிட்ஜ் என்று சொன்ன அதே தாங்கி. வயலினில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பில் அமர்ந்திருக்கும். வீணையின் குதிரை மேல் இருப்பதோ மிக மெல்லிய வளைவுடைய உலோகத் தகடு. தந்தி கீழே வரும்போது அந்த வளைவில் சற்றுப் படிகிறது, மேலே போகும்போது பிரிகிறது. ஒவ்வொரு அதிர்விலும் தந்தியின் நீளம் கடுகளவு குறைந்து கூடுகிறது. இந்தத் தொட்டு விடுதலில் ஆற்றல் தாழ்ந்த அதிர்வுகளிலிருந்து உயர்ந்த மேற்சுரங்களுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலைச் செருகி நகர்த்தி, ரீங்காரம் எழும்பும் இடத்தைத் தேடுகிறார்களே, அவர்கள் தேடுவது இந்தத் தொடுகை சரியாக அமையும் புள்ளியைத்தான்.

எளிய சமன்பாட்டுக்கு அடங்கும் தந்தியில், தட்டும்போது பிறக்காத மேற்சுரம் பின்னால் பிறக்க வழியில்லை. வளைந்த குதிரை அந்த ஒழுங்கைக் குலைத்து, இல்லாத மேற்சுரத்தைப் பிறப்பிக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டரும் வெற்றிடக் குழாயும் அலையை வெட்டும்போது செய்வதும் அதேதான். வழிகள் வேறு, ஒன்று உலோகத் தகட்டில், இன்னொன்று மின்சுற்றில். ஆனால் இரண்டும் உள்ளே வராத அதிர்வெண்களை வெளியே தருகின்றன. தம்புராவின் ரீங்காரத்தில் வளர்ந்த காது டிஸ்டார்ஷனை அந்நியமாகக் கருத எந்த நியாயமும் இல்லை.

இன்னொரு பொருத்தம் இதைவிட அழகு. டிஸ்டார்ஷன் வழியே இரண்டு சுரங்களை ஒன்றாக அனுப்பினால், அவற்றின் கூட்டல் கழித்தல் அதிர்வெண்களும் புதிதாகப் பிறக்கும். 110-ம் 165-ம் சேர்ந்தால் வித்தியாசம் 55 ஹெர்ட்ஸ், அதாவது கீழ் ஸ்தாயியின் அதே சுரம். புதிதாகப் பிறந்தவையும் பழையவற்றோடு இணங்கிப் போவதால் ஒலி உறுதியாக, கட்டிடம்போல் நிற்கும். இந்த 2:3 விகிதத்தை ராக் உலகம் பவர் கார்டு என்கிறது. நமக்கு அது ஷட்ஜமும் பஞ்சமமும், தம்புரா விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும் அதே ஜோடி. இதில் காந்தாரத்தையும் சேர்த்து மூன்று சுரக் கார்டாக்கி வாசித்தால், பிறக்கும் வித்தியாச அதிர்வெண்கள் மோதிக்கொண்டு ஒலி கலங்கிவிடும். அதனால்தான் கனத்த டிஸ்டார்ஷன் வைத்த ராக் கலைஞர்கள் கார்டுகளைக் குறைத்து, ஸ–ப அடித்தளத்தின் மேல் ஒற்றைச் சுர வரிகளாக வாசிக்கிறார்கள். கர்நாடகக் கச்சேரியின் அமைப்பும் அதுவேதான். கார்டு அடுக்குகளை நம்பும் இசைக்கு டிஸ்டார்ஷன் இடைஞ்சல், ராகத்துக்கு அது துணை. பிரசன்னாவின் ஆல்பம் ஒட்டுப்போட்டதாகத் தெரியாததற்கு அவருடைய மேதைமையோடு சேர்த்து இந்தக் கணக்கும் காரணம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு அவர் வாசிப்பதைக் கேட்டால் வியப்பு கூடுகிறது. டிஸ்டார்ஷன் விரலின் தவறையும் சேர்த்துப் பெருக்கும். தொடாத தந்தி லேசாக அதிர்ந்தாலே அதுவும் முழுப்பலத்தோடு வெளியே வரும், கழித்தல் அதிர்வெண்களோடு சேர்ந்து சேறாகும். ஆகவே வாசிக்காத ஐந்து தந்திகளையும் இரு கைகளின் ஓரங்களாலும் சும்மா இருக்கும் விரல்களாலும் அடக்கிவைத்துக்கொண்டே, ஒரு தந்தியில் மட்டும் கமகம் இழுக்கவேண்டும். மேடையில் நம் கண்ணுக்குத் தெரிவது இழுக்கும் விரல். டோனைக் காப்பாற்றுவதில் பாதி வேலை, ஒலி எழுப்பாத விரல்களுடையது. எந்தக் கடையிலும் விற்காத பகுதி இதுதான், வருடக்கணக்கான சாதகத்தில் மட்டும் வருவது.

தொழிற்சாலை தரும் ஒருமைப்பாட்டை இதனால் குறைத்து மதிக்கக்கூடாது. விலைகுறைந்த கிதாரில் ஃப்ரெட் இடம் தவறியிருந்தால், கற்றுக்கொள்ளும் பிள்ளை தன் விரல்தான் தவறு என்று நினைத்துக் கருவியைக் கீழே வைத்துவிடும். வல்லம் வடகாலில் சரியான அளவில் வெட்டப்படும் ஒவ்வொரு கழுத்தும் அப்படி ஒரு பிள்ளையைத் தக்கவைக்கிறது.

இந்தப் பகுதியின் மேல்நிலைப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுரமானிச் சோதனை நடக்கும் நாளில் மேசைமேல் ஒரு கிதாரையும் வையுங்கள். ஜெர்மனியின் ஆஃகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியைச் செல்போனில் இறக்கிக்கொண்டால், ஒலியின் மேற்சுரங்கள் திரையில் கோபுரங்களாகத் தெரியும். தந்தியைச் சரிபாதியில் தட்டச் சொல்லுங்கள், இரட்டைப்படைக் கோபுரங்கள் சரிவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிரிட்ஜை ஒட்டித் தட்டச் சொல்லுங்கள், உயர்ந்தவை எழுவதைப் பார்க்கட்டும். ஊரில் யாரிடமாவது வீணையோ தம்புராவோ இருந்தால் கேட்டு வாங்கி வந்து, கணுவில் தட்டி, ராமன் 1921-இல் கேட்டதைத் திரையில் தேடச் சொல்லுங்கள். ஒரு செய்முறை வகுப்பின் நேரமே இதற்குப் போதும்.